கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய எழுத்து: ஒரு தமிழ் ஸ்லைடு தொகுப்பைச் சீரமைத்த பதிவு

சென்னையின் குடிநீர் ஏரிகளைப் பற்றிக் குடியிருப்போர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் பேசவிருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், தம்முடைய ஸ்லைடுகளைச் சீரமைத்துத் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார். அலுவலகக் கூட்டங்களுக்காகப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்த்த தொகுப்பு அது. செய்திகள் அனைத்தும் சரியானவை. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடும் ஓர் அறிக்கையின் பக்கத்தைப் போல இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட டெம்ப்ளேட்டுகளில் தமிழை ஊற்றும்போது எழும் சிக்கல்களை எழுதி வைப்பவர்கள் குறைவு என்பதால், செய்த வேலையைப் படிப்படியாக இங்கே பதிந்து வைக்கிறேன்.

அரங்கை அளந்து தொடங்குதல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் அரங்கின் அளவுகளைக் கேட்டு வாங்கினேன். திரையின் அகலம் ஆறு அடி, உயரம் நாலரை அடி. கடைசி வரிசை நாற்காலிகள் திரையிலிருந்து சுமார் 36 அடி தள்ளி இருந்தன. புரொஜெக்டர் பழைய 4:3 வகை. பவர்பாயின்ட் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், புதிதாகத் தொடங்கும் கோப்பு 16:9 என்ற அகலத் திரை விகிதத்திலேயே திறக்கிறது. அப்படிப்பட்ட ஸ்லைடை 4:3 திரையில் காட்டினால் மேலும் கீழும் பட்டைகள் வெறுமையாக நின்று, திரையின் கால் பங்கு வீணாகிவிடும். எனவே ஸ்லைடின் அளவை முதலிலேயே பத்து அங்குலத்துக்கு ஏழரை அங்குலம் என்று மாற்றிக்கொண்டேன். இதைக் கடைசியில் செய்தால் படங்கள் நசுங்கும், எழுத்துப் பெட்டிகள் இடம் மாறும், பாதி வேலையை மறுபடியும் செய்ய நேரும்.

எழுத்தின் அளவைத் தீர்மானிக்க ஓர் எளிய சோதனை உண்டு. திரையின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் கடைசிப் பார்வையாளர் இருக்கிறாரோ, அதே மடங்கு தூரத்தில் நின்று நம்முடைய மடிக்கணினியைப் பார்க்க வேண்டும். இங்கே 36 அடியை ஆறு அடியால் வகுத்தால் ஆறு மடங்கு. 4:3 ஸ்லைடு என் கணினித் திரையில் ஒன்பது அங்குல அகலத்தில் தெரிந்தது. ஆகவே 54 அங்குலம், அதாவது நாலரை அடி தள்ளி நின்று படித்துப் பார்த்தேன். பழைய தொகுப்பின் 18 புள்ளி (பாயின்ட்) எழுத்து அந்தத் தூரத்தில் ஏதோ எழுதியிருக்கிறது என்று தெரிந்ததே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும், மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பவை மிகச் சிறிய கோடுகளும் சுழிகளும் புள்ளிகளுமே. தூரம் கூடும்போது முதலில் மறைபவையும் அவையே. உள்ளடக்கத்துக்குக் குறைந்தது 28 புள்ளி, தலைப்புக்கு 36 புள்ளி என்று முடிவு செய்தேன்.

இந்த ஒரு முடிவு மற்ற பலவற்றையும் தானாகவே தீர்மானித்துவிட்டது. 36 புள்ளியில் ஒரு வரிக்கு ஏறத்தாழ மூன்று தமிழ்ச் சொற்கள்தாம் அடங்குகின்றன. தலைப்புக்கு இரண்டு வரிகள் ஒதுக்கினால் ஆறேழு சொற்கள். எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்ற விவாதத்தை இடமே நடத்தி முடித்துவிடுகிறது.

பழைய எழுத்துருவிலிருந்து மீட்டெடுத்தல்

தொகுப்பின் பெரும்பகுதி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்துக்கு முந்தைய எட்டு பிட் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. வானவில், பாமினி போன்ற அந்தத் தலைமுறைக் குறியேற்றங்களில், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தாம் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாலும், அதற்கு முன் தட்டச்சான கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

மாற்றி மென்பொருளில் இட்டு யூனிகோடாக்குவது நொடிப்பொழுது வேலை; அதன் பிறகு பிழை பார்ப்பதுதான் உண்மையான வேலை. பழைய முறையில் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் சிலர் ரகரத்தைத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால் அப்போது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரம் நின்றிருக்கும். தமிழ் வாக்கியத்தின் நடுவே ஆங்கில எழுத்தில் இருந்த அலகுகளை மாற்றி மென்பொருள் தமிழென்று எண்ணிக் குதறி வைத்திருக்கும். எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது, ஒகர உயிர்மெய்யை ஒற்றைக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் தட்டியிருப்பது: திரையில் சரியாகவே தெரியும், ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் சில மென்பொருள்களில் அகப்படாது. எண்களை மட்டும் மாற்றியை நம்பாமல், பொறியாளரின் அச்சுப் பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர் ஆகிய மூன்றையும் ஒரே ஸ்லைடில் வைத்து, அதே நாலரை அடித் தூரத்திலிருந்து ஒப்பிட்டேன். மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை, பல தடிமன்களில் வருபவை. முக்த மலரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகைவிட எண்கள்தாம். இந்த உரையில் எண்கள் மிகுதி. அதில் எண்களும் தமிழ் எழுத்துகளும் ஒரே கனத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைபோல நிற்கின்றன. எழுத்துருவை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பவர்பாயின்டிலும் சரி, லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸ்ஸிலும் சரி, தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கான எழுத்துரு ஆங்கில எழுத்துருவிலிருந்து தனியாகவே அமைக்கப்படுகிறது. ஆங்கிலத்துக்கு உரியதை மட்டும் மாற்றிவிட்டு, தமிழ் ஏன் இன்னும் லதா என்ற பழைய விண்டோஸ் எழுத்துருவிலேயே நிற்கிறது என்று வியப்பவர்கள் பலர். முதன்மை ஸ்லைடில் (ஸ்லைடு மாஸ்டர்) இரண்டையும் ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், ஒவ்வொரு பெட்டியாகத் தொட வேண்டியதில்லை.

வரி இடைவெளி அடுத்தது. ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் தலைப்புகளின் இடைவெளியை 0.9 என்று இறுக்கியிருப்பார்கள். தமிழில் மேலே இகர, ஈகாரச் சுழிகளும் புள்ளியும், கீழே உகர, ஊகார வால்களும் நீள்வதால், மேல் வரியின் ‘ழு’ கீழ் வரியின் ‘கீ’ மீது வந்து உட்கார்ந்துவிடும். 1.2 என்று தளர்த்தினேன். எழுத்துகளுக்கு இடையேயான இடைவெளியை விரிக்கும் அமைப்பை முற்றிலும் நீக்கினேன். அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. சாய்வெழுத்தையும் நீக்கினேன்: தமிழுக்கு அப்படியொரு மரபு இல்லாத நிலையில், மென்பொருள் வடிவங்களை இழுத்துச் சாய்ப்பது மட்டுமே நடக்கிறது. தடித்த வடிவம் தனியாக இல்லாத எழுத்துருவில் தடிப்புப் பொத்தானை அழுத்தினாலும் இதே கதைதான்; கோடுகள் செயற்கையாகப் பருத்து, ணகரத்தின் சுழிகள் அடைபட்டுவிடும். முழுவதும் பெரிய எழுத்தில் இட்டு வேறுபடுத்தும் ஆங்கில உத்திக்கும் தமிழில் இடமில்லை. ஆகவே தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளவு, கனம், நிறம் ஆகிய மூன்றால் மட்டுமே காட்ட முடியும். நான் அளவையும் கனத்தையும் கொண்டே முடித்துக்கொண்டேன்.

இடம் போதாதபோது எழுத்தைத் தானாகச் சுருக்கும் அமைப்பையும் அணைத்துவிட்டேன். அது இருக்கும் வரை, நாம் தீர்மானித்த 28 புள்ளி நமக்கே தெரியாமல் 19 ஆகிக்கொண்டிருக்கும்.

ஒரு ஸ்லைடு, ஒரு வாக்கியம்

பழைய ஸ்லைடுகளின் தலைப்புகள் ‘செம்பரம்பாக்கம் – விவரங்கள்’, ‘நீர் ஆதாரங்கள்’ என்ற வகையைச் சேர்ந்தவை. கோப்பின் அட்டையில் எழுதுவதற்கு அவை பொருத்தம். கேட்பவருக்கோ எதையும் சொல்வதில்லை. அறிவியல், பொறியியல் உரைகளுக்காக மைக்கேல் ஆலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் நெடுங்காலமாக வலியுறுத்தி வரும் முறை ஒன்று உண்டு: தலைப்பில் அந்த ஸ்லைடின் கருத்தை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், கீழே அதற்கான சான்று படமாகவோ வரைபடமாகவோ இருக்க வேண்டும், புள்ளிப் பட்டியல் கூடாது. அதையே பின்பற்றி ஒவ்வொரு தலைப்பையும் மாற்றினேன். ‘நீர்த்தேக்கங்கள்’ என்றிருந்தது ‘ஐந்து ஏரிகளும் நிரம்பினால் 11.757 டி.எம்.சி.’ ஆயிற்று. ‘வறட்சி 2019’ என்றிருந்தது ‘2019 ஜூனில் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன’ என்று மாறியது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியமாக எழுதினால் செய்தி இரண்டாம் வரியின் முடிவில்தான் வெளிப்படும். எண்ணும் பெயருமாக முடியும் குறுகிய வாக்கியங்களே தலைப்பில் நன்றாக நிற்கின்றன.

பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல் என்று இறங்கும் அமைப்பைக் குறித்துப் பொறியாளரிடம் பேசும்போது கொலம்பியா விண்ணோடத்தின் கதையைச் சொன்னேன். ஏவுதலின்போது கழன்ற நுரைப்பொருள் அதன் இறக்கையைத் தாக்கியிருந்தது; விண்கலம் விண்ணில் இருந்தபோதே அந்தத் தாக்கத்தை மதிப்பிட்ட ஸ்லைடுகள் நாசா அதிகாரிகளுக்குக் காட்டப்பட்டன. சோதனைகளில் பயன்படுத்திய துண்டு மூன்று கன அங்குலம், உண்மையில் மோதியதாகக் கருதப்பட்டது 1,920 கன அங்குலம் என்ற செய்தி, அவற்றுள் முக்கியமான ஸ்லைடின் கடைசி வரியில், சிறிய எழுத்தில், உள்தள்ளிய பட்டியலின் அடியில் இருந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதறி எழுவர் இறந்த பின், விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த ஸ்லைடைத் தனியே எடுத்துக்காட்டி விமர்சித்தது. விபத்துக்கு ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் 640 மடங்கு வேறுபாடு தலைப்பில் இருந்திருக்க வேண்டியது என்பதில் பொறியாளருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

‘அப்படியானால் நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் எங்கே போகும், தம்பி?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீக்கிய வரிகளில் அவர் வாயால் சொல்ல வேண்டியவற்றை ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் உள்ள பேச்சாளர் குறிப்புப் பகுதிக்கு மாற்றினேன். வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க வேண்டியவற்றை இரு பக்கக் கைப்பிரதியாகத் தொகுத்தேன். திரையில் நிறைய எழுதி, அதையே முதுகைக் காட்டி நின்று வாசிக்கும் வழக்கம் பெரும்பாலும் ஒரே கோப்பை உரைக்கும் கைப்பிரதிக்கும் பயன்படுத்துவதால் வருகிறது என்பது என் எண்ணம். இரண்டையும் பிரித்த உடனே ஸ்லைடுகள் இளைத்துவிட்டன.

எண்களுக்கு உருவம்

மிக அதிக நேரம் எடுத்தது கொள்ளளவு அட்டவணை. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, தேர்வாய்கண்டிகை 500. இவையனைத்தும் மில்லியன் கன அடியில். பழைய தொகுப்பில் இந்த ஐந்தும் முப்பரிமாண வட்ட வரைபடமாக, ஐந்து நிறங்களில், பக்கத்தில் ஒரு நிறக் குறிப்போடு இருந்தன. முப்பரிமாணமாகச் சாய்த்த வட்டத்தில் முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரியும். பூண்டிக்கும் புழலுக்கும் இடையேயுள்ள சிறு வேறுபாடு தலைகீழாகவே தோன்றியது. நிறக் குறிப்புக்கும் வட்டத்துக்கும் இடையே கண் போய்வர வேண்டிய தொல்லை வேறு.

முதலில் அதைச் செங்குத்துப் பட்டை வரைபடமாக்கிப் பார்த்தேன். செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை போன்ற பெயர்கள் பட்டையின் அகலத்துக்குள் அடங்காததால், மென்பொருள் அவற்றைச் சாய்த்துத் தொங்கவிட்டது. கிடைமட்டப் பட்டைகளுக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது: பெயர் இடப்பக்கம் நேராக, பட்டை அதன் எதிரே, எண் பட்டையின் நுனியில். பெரியதிலிருந்து சிறியது என்று வரிசைப்படுத்தினேன். எண்கள் பட்டையிலேயே இருப்பதால் அச்சுக் கோடும் பின்னணிக் கட்டங்களும் நிறக் குறிப்பும் தேவையற்றவையாகி நீங்கின. எல்லாப் பட்டைகளும் சாம்பல் நிறம். பேச்சில் எந்த ஏரியைப் பற்றிச் சொல்கிறாரோ அது மட்டும் அடர்நீலம். மாதவாரி மழை வரைபடத்தில் மட்டும் செங்குத்துப் பட்டைகளை வைத்துக்கொண்டேன், ஏனெனில் காலம் இடமிருந்து வலமாக ஓடுவதுதான் கண்ணுக்கு இயல்பு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு மட்டும் நிறம் கொடுத்ததும், தலைப்பைப் படிக்காமலே செய்தி விளங்கியது.

அலகும் ஒரு தடையாக இருந்தது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். கூட்டத்துக்கு வருபவர்கள் நாளேட்டில் அன்றாடம் பார்க்கும் சொல் என்றாலும் அதன் அளவு மனத்தில் நிற்பதில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோடு ஒப்பிடும் ஸ்லைடு இங்கேதான் பிறந்தது. மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தொடங்கிய ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன் கொண்டவை. அத்தகைய ஆலை ஒன்று முழுத் திறனில் ஓராண்டு ஓடினால் சுமார் 1.29 டி.எம்.சி. கிடைக்கும், நிரம்பிய சோழவரம் ஏரியின் நீரோ 1.081. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள், மேலே ‘ஓர் ஆலை ஓராண்டில் தருவது சோழவரத்தைவிட அதிகம்’ என்ற தலைப்பு. அவ்வளவுதான் அந்த ஸ்லைடு. தொகுப்பில் எனக்கு மிகவும் நிறைவளித்தது அதுவே.

ஏரிகள் இருக்கும் இடங்களைக் காட்டும் நிலவரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தின் மேல் அம்புகளும் பெயர்களும் அடர்ந்திருந்தன. அதை விடுத்து, கோடுகளால் மட்டும் ஒரு வரைபடம் வரைந்து, அதையே அடுத்தடுத்த நான்கு ஸ்லைடுகளில் படியெடுத்தேன். முதலாவதில் ஏரிகள் மட்டும். இரண்டாவதில் கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரின் கால்வாய். மூன்றாவதில் பூண்டியிலிருந்து சோழவரம், புழல் நோக்கிச் செல்லும் இணைப்பு. நான்காவதில் செம்பரம்பாக்கமும் அதிலிருந்து அடையாற்றில் சேரும் உபரி நீரும். அனிமேஷனில் இதைச் செய்திருக்கலாம். ஆனால் அனிமேஷன் பி.டி.எஃப். ஆக மாற்றும்போது காணாமல் போகும், கேள்வி நேரத்தில் பின்னோக்கிச் செல்லும்போதும் இடறும். தனித்தனி ஸ்லைடுகளுக்கு அந்த ஆபத்து இல்லை.

ஒளிப்படங்கள் மூன்றே மூன்று. புழல் ஏரியின் வெடித்த படுகையை ஸ்லைடு முழுவதும் நிரப்பி, வானம் வெறுமையாக இருந்த மேல்பகுதியில் தலைப்பை வைத்தேன். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் வில்லிவாக்கம் வந்த முதல் ரயிலுக்கு, பழைய தொகுப்பில் பக்கவாட்டில் இழுத்துச் சப்பையாக்கிய படம் ஒன்று இருந்தது. படத்தின் மூலையைப் பிடித்து அளவை மாற்ற வேண்டும், பொருந்தாத பகுதியை வெட்ட வேண்டும். ஓரத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது. யாருடைய படம் என்பதையும் கீழே சிறிதாகக் குறித்தேன்.

அரங்கில் ஒத்திகை

கருநீலப் பின்னணியில் சிவப்பும் மஞ்சளுமாக எழுத்து, இதுதான் பழைய தொகுப்பின் நிறத் திட்டம். கணினியில் அது பளிச்சென்று தெரியும். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. ஒளி விழாத இடமே கறுப்பாகத் தெரிகிறது, அந்த இடத்தில் அரங்க விளக்கின் வெளிச்சம் பட்டால் அது சாம்பலாகிவிடும். விளக்குகளை அணைக்காமல் நடத்தும் கூட்டம் என்பதால், வெளிர் பின்னணியில் அடர்நீல எழுத்து என்று மாற்றினேன். இணையப் பக்கங்களுக்கான அணுகுதன்மை நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடும், பெரிய எழுத்துக்கு 3:1 வேறுபாடும் கேட்கின்றன. அவை கணினித் திரைக்கானவை. பழைய புரொஜெக்டருக்கு அதைவிட இரு மடங்காவது வைத்துக்கொள்வது நல்லது என்பது ஒத்திகையில் விளங்கியது. என் சாம்பல் பட்டைகள் அங்கே வெள்ளையோடு கலந்து கரைந்ததால், அங்கேயே உட்கார்ந்து அவற்றை இரண்டு படி அடர்த்தியாக்கினேன்.

அரங்கின் தரை சமதளம். முன்வரிசைக்காரர்களின் தலை, பின்னால் இருப்பவர்களுக்குத் திரையின் அடிப்பகுதியை மறைக்கும். ஆகவே ஸ்லைடின் கீழ் ஐந்தில் ஒரு பங்கில் படக் குறிப்பைத் தவிர எதையும் வைக்கவில்லை. சங்கத்தின் சின்னம், தேதி, பேச்சாளரின் பெயர் என்று ஒவ்வொரு ஸ்லைடிலும் ஓடிக்கொண்டிருந்த அடிக்குறிப்புப் பட்டையையும் எடுத்துவிட்டு, முதல் ஸ்லைடில் மட்டும் விட்டேன்.

அரங்கக் கணினியில் முக்த மலர் இல்லை. விண்டோஸ் பவர்பாயின்டில் சேமிப்பு அமைப்புகளுக்குள் எழுத்துருவைக் கோப்பிலேயே பொதிக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தினேன். அதற்கு மேலும் ஒரு காப்பாக பி.டி.எஃப். பிரதியையும் கோப்பு இருந்த அதே பென் டிரைவில் வைத்தேன். தமிழ் உரையைப் பொறுத்தவரை இந்தப் பிரதி இல்லாமல் வெளியூர் அரங்கத்துக்குச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓர் இடத்தில் பொறியாளர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏரிகளின் கொள்ளளவோடு, சென்னைக்கு நீர் தரும் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் 1,465 மில்லியன் கன அடியையும் சேர்த்து, மொத்தம் 13,222 என்று காட்டும் முழு அட்டவணை இருந்தே தீர வேண்டும் என்றார். ‘கேள்வி கேட்பவர்கள் எண்ணைத்தான் கேட்பார்கள்’ என்பது அவர் வாதம். அது சரியான வாதம். துல்லியமான எண்ணைத் தேடி எடுப்பதற்கு அட்டவணைக்கு நிகராக எந்த வரைபடமும் இல்லை. எனவே நன்றி ஸ்லைடுக்குப் பின்னால், உரையில் காட்டாமல் கேள்வி நேரத்தில் மட்டும் திறப்பதற்காக அதை வைத்தேன். அட்டவணையின் செங்குத்துக் கோடுகளை நீக்கி, எண்களை வலப்பக்கமாக ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, மொத்தத்தின் மேல் மட்டும் ஒரு கோடிட்டேன். ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம் என்பதால், அந்த எண்ணைக் கைப்பிரதியின் ஓரத்தில் அவருக்குப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன்.

கூட்டத்தில் முதல் கேள்வியே வீராணத்தைப் பற்றித்தான் வந்தது. அட்டவணை திரைக்கு வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அன்றைய நீர் இருப்பையும் சேர்க்க வேண்டும் என்கிறார் பொறியாளர். கொள்ளளவுப் பட்டைக்குள்ளேயே அடர்நிறத்தில் இருப்பைக் காட்டும் வகையில் வரைபடத்தின் தரவுத் தாளில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டேன். காலையில் வெளியாகும் எண்களை அந்த ஐந்து கட்டங்களில் தட்டினால் பட்டைகள் தாமாக மாறிக்கொள்ளும்.